முன்னூற்று எண்பத்தேழாவது ஊர்

இல்லாத ஓர் ஊரைத் தேடிச் சீட்டம்மா நூலகத்துக்குப் போவது அன்றோடு மூன்றாவது நாள். ஊர் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அதை உண்டாக்கியவரே அவர்தான். ஆனால் "லிகோம்னா என்று ஓர் ஊர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, இது முழுக்க என் கற்பனை" என்று தட்டச்சு செய்த தாளை நீட்டி, கீழே கையெழுத்துப் போடுங்கள் என்று முதலாளி சொன்னபோது பேனா நகர மறுத்துவிட்டது.

"இருந்ததில்லைன்னு நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது?"

"நீங்கதானேம்மா அதைக் கற்பனை பண்ணி எழுதினீங்க?"

"நான்தான். ஆனா தேடிப் பார்க்கலையே."

"இல்லாத ஊரை எங்க போய்த் தேடுவீங்க?"

"மத்த ஊரெல்லாம் இருக்கிற புத்தகத்துல தேடணும். எதுலயும் இல்லைன்னா அப்ப இல்லைன்னு எழுதலாம்."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முப்பது வருடங்களுக்கு மேல் அந்த அகராதிப் பதிப்பகத்தில் இருக்கும் பெண்மணியிடம் வாதாடி ஜெயித்தவர்கள் யாருமில்லை என்பது அவருக்குத் தெரியும். "வியாழக்கிழமை மூணு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள எத்தனை புத்தகம் வேணும்னாலும் பாருங்க. ஆனா கையெழுத்து இல்லாம நான் அங்க போக முடியாது" என்றார்.

சீட்டம்மா என்பது பெயரல்ல. கையகலச் சீட்டுகளைத் தைக்காத குறையாக உடம்போடு வைத்துக்கொண்டு திரிபவர் என்பதால் வந்தது. பையில் சீட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் சீட்டு, ரவிக்கையில் ஊக்கு குத்தி ஒரு சீட்டு. பத்தொன்பது வயதில் ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கப் போனவர் அவர். அங்கே புரூஃப் பார்க்கும் அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சான தாளில் சரிபார்ப்பார். படிக்கிறவர் ஒருநாள் வராமல் போக, ஆங்கில எழுத்து தெரியுமா என்று கேட்டு இவரை உட்காரவைத்தார்கள். எழுத்து தெரியும், பொருள் தெரியாது. அந்த வேலைக்குப் பொருள் தேவையும் இல்லை. "கேப்பிடல், கமா, ஃபுல் ஸ்டாப்" என்று புள்ளி கூட விடாமல் ஒரு ராகத்தோடு படித்துக்கொண்டே போக வேண்டும். ஏழு வருடங்கள் அப்படிப் படித்தார். எத்தனை புத்தகங்கள், எதைப் பற்றி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. வாய் வழியாக வந்தது, போனது.

பொருள் தெரிந்துகொள்ள ஆசை வந்தபோது, கழிவுத்தாள் மூட்டையிலிருந்து ஓர் ஆங்கில அகராதியை எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கு அட்டையும் இல்லை, ஏ, பி என்ற முதல் இரண்டு எழுத்துகளும் இல்லை. அதனால் ஏதென்ஸ் நகரத்துக்காரனை ஏதெனியன் என்பார்கள் என்று தெரிவதற்கு வெகுகாலம் முன்பே, கொரிந்து நகரத்துக்காரன் கொரிந்தியன் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. அந்தக் கிழிந்த அகராதியில்தான் ஒருநாள் 'சிபரைட்' என்ற சொல்லைப் பார்த்தார். சுகவாசி என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில், சிபரிஸ் என்ற பழைய கிரேக்க ஊர்க்காரன். தூக்கம் கெடும் என்று சேவலைக்கூட ஊருக்குள் விடாதவர்களாம்.

ஒரு முழு ஊரும் சேர்ந்து தூங்கிய தூக்கம், இரண்டாயிரம் வருடம் கழித்து ஒரு சொல்லாகக் கிடக்கிறதே என்று அவருக்கு ஒரே வியப்பு. அன்றைக்கு முதல் சீட்டு எழுதினார்.

பிறகு விடவில்லை. அகராதிப் பதிப்பகத்துக்கு வேலை மாறி வந்த பிறகும் விடவில்லை. பண்டைய கிரேக்க ஊர்கள் ஒவ்வொன்றின் மக்களுக்கும் ஆங்கிலத்தில் என்ன சொல், அந்த ஊர் எதற்குப் பேர் போனது என்று ஒருவரிக் குறிப்பு. ஆர்கோஸ் ஊரான் ஆர்கைவ். அப்டெரா ஊரான் அப்டெரைட். பாவம், அந்த ஊரே முட்டாள்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசியிருக்கிறார்கள். மூன்று வெவ்வேறு புத்தகங்களில் பார்த்து, பென்சிலில் ஒரு குறி, நீல மையில் ஒன்று, சிவப்பு மையில் ஒன்று போட்ட பிறகே சீட்டு பெட்டிக்குள் போகும். காலணி வாங்கும் அட்டைப்பெட்டிகள் ஏழு நிரம்பின. அதையெல்லாம் சரிபார்த்துப் பட்டியலாக்கி முடிக்கவே பதினோரு வருடங்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் அவருடைய கணவர், "நம்ம வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம்னு ரேஷன் கார்டு சொல்லுது. கட்டிலுக்கடியில முன்னூறு ஊர் ஜனம் இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்" என்பார்.

அலுவலகத்திலும் எல்லோருக்கும் அவர் ஊர் வழங்கியிருந்தார். மின்விசிறியைப் போட மனம் வராத முதலாளி, சுகமே வேண்டாத ஸ்பார்ட்டா ஊர்க்காரர், ஸ்பார்ட்டன். சாப்பிட்டதும் வெட்டுத்தாள் குவியலில் மெத்தை போட்டுப் படுத்துவிடும் பைண்டர், சிபரைட் அண்ணன்.

அவர்கள் அகராதியின் ஆறாம் பதிப்பின் கடைசியில் அந்தப் பட்டியல் பின்னிணைப்பாக வந்தது. தொகுத்தவர் பெயர் போடுவது அந்தப் பதிப்பகத்தின் வழக்கமில்லை; அதனால் பெயரில்லாமல் வந்தது. இரண்டு வருடங்களில் போட்டி நிறுவனம் ஒன்றின் அகராதியில் அதே பட்டியல், அதே வரிசையில், "நம் மொழியில் முதன்முறையாக" என்ற தலைப்போடு வந்தது. தொகுத்தவர் என்று அங்கே பெரிய எழுத்தில் போட்டிருந்த பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர் பட்டம் இருந்தது. "ஊசி போடத் தெரியாத டாக்டரு, சரியான இடத்துல குத்திட்டாரு" என்றார் பைண்டர்.

முதலாளி பதிப்பாளர் சங்கத்தில் புகார் கொடுத்தார். டாக்டரின் பதில் எளிமையானது: கிரேக்க ஊர்கள் யாருடைய சொத்தும் அல்ல, பழைய நூல்களைப் பார்த்து நாங்களும் தொகுத்தோம், ஒரே ஊருக்கு ஒரே சொல்தானே வரும். அதற்குச் சட்டென்று மறுப்புச் சொல்ல முடியவில்லை.

ஆனால் இவர்கள் கையில் ஒன்று இருந்தது. முதலாளியின் அப்பா காலத்து ஏற்பாடு அது. ஒவ்வொரு பட்டியலிலும் ஒரே ஒரு பொய்ச் சொல்லைத் தொகுப்பவர் ஒளித்துவைக்க வேண்டும். பெயர், காவல்காரன். அது எது என்று ஒரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்து, தேதியோடு இரண்டு பேர் கையெழுத்திட்டு இரும்பு அலமாரியில் வைத்துவிடுவார்கள். உண்மையான ஊரை யாரும் கண்டுபிடிக்கலாம். இல்லாத ஊரை ஒருவன் எழுதினால், திருடித்தான் எழுதியிருக்க வேண்டும்.

முன்னூற்று எண்பத்தாறு உண்மைகளை எழுதிய கைக்கு ஒரு பொய் எழுத நான்கு நாள் பிடித்தது. கடைசியில் 'லிகோம்னா' என்று ஒரு பெயர் எங்கிருந்தோ தானாக வந்து விழுந்தது. நன்றாகவே இருந்தது. ஊர் வேண்டுமே என்று, கடலோரத்தில் வைத்தார். லிகோம்னியன்: லிகோம்னா துறைமுகத்தவர், கடற்பஞ்சு எடுப்போர், படகின் ஒரு துடுப்புக்கு மட்டும் கறுப்புப் பூசுவோர். அந்தக் கறுப்புத் துடுப்பை எழுதும்போது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

டாக்டரின் பட்டியலிலும் லிகோம்னியன் இருந்தது. உறை வியாழக்கிழமை மூன்று மணிக்குத் திறக்கப்படும். காவல்காரன் சாட்சி சொல்லிவிட்டால் டாக்டர் தன் பட்டியலை நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால், பொய்ப் புகார் கொடுத்தோம் என்று இவர்கள் பத்திரிகையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சர்ச்சைக்குரிய பட்டியல் அடுத்த பதிப்பில் இருக்காது. ஏழு பெட்டியும் டாக்டருடையதாகிவிடும்.

நூலகத்தில் வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு, கீழ்த்தளத்தின் கடைசி அலமாரியிலிருந்து நூலகர் தூசி தட்டி ஒரு தடிப்புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஏதோ ஓர் அகழாய்வு அறிக்கை, நான்காம் தொகுதி. "இதை எடுக்க வந்த முதல் ஆள் நீங்கதான். பாருங்க, பின்னாடி தேதிச் சீட்டு வெள்ளையா இருக்கு."

நாற்பத்தொரு புத்தகம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஒன்றிலும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கான தாள் பையில் மடித்துக் கிடந்தது. இதையும் பார்த்துவிட்டால் நிம்மதியாகப் போகலாம் என்று பொருளடைவைத் திருப்பி, விரலை வைத்துக்கொண்டே இறங்கினார்.

விரல் நின்றது.

பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு, அடிக்குறிப்பு. பொடி எழுத்தில் நான்கு வரி. லிகோம்னா, ஒரு கல்வெட்டில் மட்டும் பெயர் காணப்படும் சிற்றூர், மலையுச்சி, கடலிலிருந்து நான்கு நாள் நடை, ஆடு மேய்ப்போர்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. யாரோ தன் ஊரை எடுத்துக்கொண்ட மாதிரி. பிறகு வரியை மறுபடி படித்தார். படிக்கும்போது உதடு அசைந்தது. கேப்பிடல். கமா. மலையுச்சி. செமிகோலன். உதடு அடுத்த நிறுத்தத்துக்கு, கண் போவதற்கு முன்பே போய் நின்றது.

அவசரமாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அச்சிட்டோர் பெயர். அவர் பத்தொன்பது வயதில் தாள் மடிக்கப் போன அதே அச்சகம்.

கற்பனை என்று நினைத்து எழுதியது கற்பனையே அல்ல. பொருள் தெரியாத பெண்ணாக உரக்கப் படித்துப் போட்ட ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒன்று, கிட்டத்தட்ட முப்பது வருடங்கள் வாய்க்குள்ளேயே கிடந்து, நல்ல பெயர் வேண்டும் என்று கேட்டதும் எழுந்து வந்திருக்கிறது. வாய் தெரிந்தே வைத்திருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

மணி பன்னிரண்டே கால். அந்தப் பக்கத்தை நகலெடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்று கணவருக்கு ஃபோன் செய்தார். பின்னணியில் இரும்புச் சத்தம்.

"என்ன, கையெழுத்துப் போட்டாச்சா?"

"அந்த ஊர் இருக்குங்க."

"எந்த ஊரு?"

"நான் இல்லைன்னு சொன்ன ஊரு."

"சரிதான். கட்டிலுக்கடியில இடமில்லைன்னு சொல்லிடு அவங்ககிட்ட" என்றார். இவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரல் மாறியது. "யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

"அதான் பிரச்சினையே" என்றார் கணவர். "சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்துல எதுவும் சொல்லாதே."

அவர் சாப்பிடவில்லை.

அலுவலகத்தில் முதலாளி நகலை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"வீட்டுக்காரர்கிட்ட. வேற யாருக்கும் தெரியாது."

"நூலகத்துல?"

"நூலகர் தூசி தட்டிக் கொடுத்ததோட சரி."

முதலாளி நாற்காலியில் உட்காராமல் மேசை விளிம்பில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "சீட்டம்மா, நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. 'எந்தக் காலத்திலும் இருந்ததில்லை'. இந்த வரியை அடிச்சிடுறேன். போச்சு. மிச்சம் என்ன? 'இது முழுக்க என் கற்பனை'. அன்னைக்கு நீங்க அப்படித்தானே நினைச்சீங்க?"

"நினைச்சேன்."

"அப்புறம் என்ன?"

"இப்ப நினைக்கலையே."

"அம்மா!" என்று குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "அந்த டாக்டர் திருடியிருக்கார். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உண்மை நம்ம பக்கம்தான் இருக்கு. இந்த ஒரு தாளைக் காட்டி அதைக் கெடுக்கணுமா? முப்பது வருஷமா அந்தப் புத்தகத்தை ஒருத்தரும் தொடலை."

"ஊர் இருக்கான்னு நடுவர் கேட்டா?"

"கேட்க மாட்டாங்க."

"கேட்டா?"

முதலாளி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். வரியை அடித்துவிட்டுத் தாளை இவர் பக்கம் தள்ளினார். "பதினோரு வருஷம். உங்க வேலை. தோத்தா அடுத்த பதிப்புல அதை நான் போட முடியாது. டாக்டர் பேர்ல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போகும். யோசிச்சுக்கோங்க. ரெண்டரைக்குக் கிளம்பணும்."

சீட்டம்மா பேனாவை எடுத்தார். முதலாளி மூச்சை விட்டார். பேனா கையெழுத்து இடத்துக்குப் போகாமல், 'முழுக்க என் கற்பனை' என்ற இடத்தில் நின்று, சொற்களின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கற்குறியைச் சுழித்துவிட்டது. முப்பத்தேழு வருடப் பழக்கம். தப்பு என்று தெரிந்த வரியைக் கை அப்படியே விடாது.

இருவரும் அந்தச் சுழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, போகலாம்" என்றார் முதலாளி கடைசியில். காரின் பின்னிருக்கையில் அரக்கு வைத்த உறை சீட்டம்மா பக்கத்தில், ஒரு மூன்றாம் ஆள் போல உட்கார்ந்து வந்தது. தன்னையே அவர் மனத்துக்குள் ஓர் ஊரில் சேர்த்துக்கொண்டார். அப்டெரைட். முட்டாள்தான், சந்தேகமே இல்லை.

சங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. நீள மேசை, தண்ணீர்க் குவளைகள், சத்தமாக ஓடும் சுவர்க் கடிகாரம். நடுவர், ஓய்வு பெற்ற நீதிபதி அம்மையார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அதற்கு மேலாகப் பார்ப்பவர். எதிரே டாக்டர், சலவை மடிப்புக் கலையாமல், இரண்டு அகராதிகளையும் முன்னால் அடுக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். சீட்டம்மாவுக்கு வணக்கம் சொன்னார். நல்ல மரியாதைக்காரர்தான்.

நடுவர் அரக்கை எல்லோருக்கும் காட்டினார். தேதியைப் படித்தார். உறையைக் கிழித்தார். சீட்டை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "லிகோம்னியன்" என்று படித்தார்.

டாக்டரின் கை குவளைக்குப் போயிற்று. ஒரே மூச்சில் தண்ணீர் முழுவதையும் குடித்தார். அவர் புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. மூன்று பேருக்கும் அது மனப்பாடம்.

"இது இந்த அம்மா உண்டாக்கின சொல். இந்த ஊர் கிடையாது. அதுதான் உங்க வாதம், இல்லையா?" என்று நடுவர் முதலாளியைக் கேட்டார்.

முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டே, "எங்க தொகுப்பாளர் இருக்காங்க, மேடம்" என்றார்.

"சொல்லுங்கம்மா. இந்த ஊர் இல்லைதானே?"

மேசைக்கடியில் முதலாளியின் கால் ஆடிக்கொண்டிருந்தது சீட்டம்மாவுக்குத் தெரிந்தது. கடிகாரம் ஓடியது. டாக்டர் வெற்றுக் குவளையைப் பிடித்தபடியே இருந்தார்.

"இருக்குங்க" என்றார்.

"என்ன?"

"இல்லைன்னு நினைச்சுத்தான் எழுதினேன். இன்னைக்குக் காலையில பார்த்தேன். இருக்கு." நகலை எடுத்து மேசையில் வைத்தார். அது வளைந்து எழும்பியது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். அச்சகத்தில் உரக்கப் படித்தது, அது மறந்துபோனது, பெயராகத் திரும்பி வந்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்தபோது முதலாளி கண்ணை மூடியிருந்தார். கால் ஆடுவது நின்றுபோயிருந்தது.

டாக்டருக்கு உயிர் வந்தது. "நான் முதல்லயே சொன்னேனே, மேடம்! எல்லாமே மூல நூல்கள்ல இருந்து எடுத்ததுன்னு. இந்த அகழாய்வு அறிக்கையும் எங்க மூல நூல்கள்ல ஒண்ணு."

"இதே நூலா?"

"இதே நூல்தான். நான்காம் தொகுதி. நானே உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்."

"லிகோம்னா பத்தி இதுல இருந்துதான் எடுத்தீங்க?"

"இதுல இருந்து மட்டும்தான், மேடம். வேற எதுலயும் கிடையாதே."

நடுவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பேனாவை மூடப்போனார். எல்லாம் முடிந்தது என்று நாற்காலிகள் நகர்ந்தன.

சீட்டம்மா எழுந்திருக்கவில்லை. நூலகத்திலிருந்தே ஒன்று அவரை உறுத்திக்கொண்டிருந்தது. ஊர் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் தப்பு அதோடு முடியவில்லை. அச்சாகி வந்திருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்.

"இன்னொரு பிழையும் இருக்குங்க. அதையும் சொல்லிடுறேன். இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

முதலாளி கண்ணைத் திறந்து, இன்னுமா என்பது போலப் பார்த்தார்.

"பேர் மட்டும்தான் எனக்கு ஞாபகத்துல இருந்து வந்திருக்கு. குறிப்பு நானே இட்டுக்கட்டினது. அது மொத்தமும் தப்பு. துறைமுகம்னு எழுதிட்டேன். இதுல மலையுச்சின்னு இருக்கு. கடலுக்கு நாலு நாள் நடக்கணும். கடற்பஞ்சு எடுக்கிறவங்கன்னு எழுதினேன். அவங்க ஆடு மேய்ச்சிருக்காங்க. துடுப்புக்குக் கறுப்புப் பூசுறது..." அவருக்குக் கூச்சமாக இருந்தது. "அது சும்மா நானா போட்டது. அடுத்த பதிப்புல திருத்தணும்."

நடுவர் பேனாவின் மூடியைத் திரும்பக் கழற்றினார். டாக்டரின் அகராதியைத் தன் பக்கம் இழுத்தார். பக்கங்களைத் திருப்பினார்.

"லிகோம்னியன்" என்று நடுவர் படித்தார். "லிகோம்னா துறைமுகவாசி. கடற்பஞ்சு சேகரிப்பவர். படகின் ஒரு துடுப்புக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசும் வழக்கமுடையவர்."

கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். "டாக்டர், மலையுச்சியில ஆடு மேய்க்கிறவனுக்குத் துடுப்பு எதுக்கு?"

டாக்டர் குவளையை எடுத்தார். அதில் தண்ணீர் இல்லை.

படியிறங்கும்போது முதலாளி பாதிப் படியில் நின்றுவிட்டார். "ஏம்மா, இந்தத் துடுப்பு விஷயத்தை ஆபீஸ்லயே சொல்லியிருந்தா என் பி.பி. ஏறியிருக்காதே?"

"எனக்கு அப்படித் தோணவே இல்லைங்க. பிழைன்னுதான் பார்த்தேன்."

"நகலை நானும்தான் ரெண்டு தடவை படிச்சேன்" என்று முதலாளி தனக்குள் சொல்லிக்கொண்டார். இன்னும் நான்கு படி இறங்கிய பிறகு, அடுத்த பதிப்பில் பட்டியலுக்கு மேலே பெயர் போடப்போவதாகச் சொன்னார். சீட்டம்மா, புரூஃபைத் தன்னிடம் காட்டிவிட்டுப் போடச் சொன்னார்.

கிடங்கில் மீந்திருந்த அகராதிப் பிரதிகளில் ஒட்டுவதற்குத் திருத்தச் சீட்டு அச்சானது. லிகோம்னியன்: லிகோம்னா மலையூரார், ஆடு மேய்ப்போர். மூன்று குறிகளில் பென்சில் குறி ஒன்றுதான் போட முடிந்தது. உலகத்தில் இருப்பதே ஒரு புத்தகம். அதை நினைத்து அவர் இரண்டு நாள் வருத்தப்பட்டார்.

பைண்டர் ஒவ்வொரு பிரதியாக எடுத்துச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது, முதலாளி ஒரு புதிய உறையோடு வந்தார். பழைய காவல்காரன் அம்பலமாகிவிட்டான். பட்டியலுக்கு வேறொருவன் வேண்டும்.

"நான் மாட்டேங்க" என்றார் சீட்டம்மா. "நான் எதை இட்டுக்கட்டினாலும், அது எங்கயோ படிச்சதா இருந்தா?"

"அப்ப அண்ணன் ஒரு பேர் சொல்லட்டும். அவர் கிரேக்கம் படிச்சதில்லையே" என்று முதலாளி பைண்டரைப் பார்த்துவிட்டு, ரகசியம் காதில் விழாதபடி நாகரிகமாக வெளியே போய்விட்டார்.

பைண்டர் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு, பெரிய பொறுப்பு வந்தவர் போல யோசித்தார். சீட்டம்மாவின் காதருகே குனிந்து ஒரு பெயர் சொன்னார். கேட்க நன்றாகவே இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"எங்கயாவது படிச்சதா அண்ணே?"

"நான் எங்கம்மா படிச்சேன்? ஒட்டுறதோட சரி."

"ஒட்டும்போது கண்ணுல பட்டிருக்குமே."

பைண்டர் அடுக்கிக் கிடந்த புத்தகங்களைப் பார்த்தார். முப்பது வருடங்களில் தன் கை வழியாகப் போனவற்றை அப்போதுதான் எண்ணத் தொடங்கியவர் போல அவர் முகம் மெல்ல மாறியது. "அட, ஆமாம்ல" என்றார். "இப்ப என்னம்மா பண்றது?"

சீட்டம்மா பெயரை ஒரு சீட்டில் குறித்து, ரவிக்கையில் ஊக்கு குத்தினார். மணி மூன்று. நூலகம் ஆறு வரை திறந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.